போணிக் கை

ஜன்னலைத் தள்ளிப் பார்க்காதீங்க அம்மிணி, திறக்காது. குளுகுளு பஸ் என்று சொல்லிக் கண்ணாடியை ஒரேயடியாக ஒட்டிவிட்டான். ஏறினதிலிருந்து நானும் தள்ளிப் பார்த்துக் கை சலித்துவிட்டது. முன்னால் லாரி கவிழ்ந்து கிடக்கிறதாம், கிரேன் வர வேண்டுமாம். கண்டக்டரைக் கேட்டால் "இப்ப எடுத்துரும்" என்கிறான். அவன் இப்ப வேறே, நம்ம இப்ப வேறே போலிருக்கிறது.

பெட்டி இடிக்கிறதா? மடியிலேயே வைத்துக்கொள்கிறேன். சும்மா தெர்மோகோல் பெட்டிதான். உள்ளே மருந்து, சுற்றிலும் ஐஸ். தொட்டால் தொடுங்கள், ஒன்றும் குடிமுழுகிப் போகாது. தொடாதே என்று மட்டும் நான் யாரையும் சொல்ல மாட்டேன். மற்றதெல்லாம் சொல்வேன், என் வாய் அப்படி. அந்த ஒரு வார்த்தை வராது.

இந்தாங்க, முறுக்கு. கையை நீட்டுங்க. பொட்டலத்தோடு கேட்காதீங்க, அப்படித் தரமாட்டேன். என் கையால் எடுத்துத்தான் தருவேன். இது போணிக் கை. உடுமலைப்பேட்டைப் பக்கம் வந்து பழனாத்தாள் என்று கேட்டுப் பாருங்கள், மக்காச்சோளத் தரகு பண்ணுகிற எவனும் சொல்வான். காலையில் மூட்டைக் கட்டை அவிழ்த்ததும் முதல் கை நான் விட வேண்டும். அப்புறம்தான் வியாபாரம். புதுசாகத் தராசு வாங்கினவன் தட்டை என்னைத் தொடச் சொல்லிக் கூட்டிப்போவான். "அக்கா, வந்து கை வச்சுட்டுப் போங்க, நாலு நாளா ஈ ஓட்டறேன்" என்பான். போய் வைப்பேன். அன்றைக்கே சரக்கு நகரும்.

இதே சோள மண்டியில்தான் நான் பாவாடை கட்டின வயசில் சிந்தின சோளம் பொறுக்கினேன். மூட்டை ஓரமாகப் போனாலே, "அக்கட்டால நில்லு! தொடாதே!" தாகத்துக்குக் கேட்டால் தண்ணீரை மேலேயிருந்து ஊற்றுவார்கள், கையைக் குவித்துக் குடிக்க வேண்டும். சொம்பு என் விரலில் பட்டுவிடக்கூடாது. அப்போது கெட்ட கை. இப்போது போணிக் கை. நடுவில் என்ன நடந்தது என்கிறீர்களா? கத்தினேன். விலை பேசினேன். ஏமாந்தேன், அதைவிடக் கூடக் கத்தினேன். வேறே பள்ளிக்கூடம் எனக்குக் கிடையாது.

சரி, அந்தக் கதை எதற்கு. நான் இப்போது மெட்ராஸ் போவது சண்டை போட. என் மகள் சுகுணாவுக்குக் கெட்டுப்போன மருந்தை விற்ற கம்பெனிக்காரனை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேட்க.

சுகுணா யுனிவர்சிட்டியில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, இது வேறே. நானும் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் படிக்க வைத்தேன், பெரிதாக என்னமோ கண்டுபிடிப்பாள் என்று. என்ன எடுத்துப் படிக்கிறாள் தெரியுமா? பூசணம்! மழையில் நனைந்த சோளக்கட்டை மேலே காவிப் பொடி மாதிரி பூக்குமே, அந்தப் பூசணம். ஒரு கதிரில் அது தெரிந்தால் கோழித்தீவனக் கம்பெனிக்காரன் வண்டியையே திருப்பிவிடுவான். ஆயுசெல்லாம் நான் தீ வைத்துக் கொளுத்தின சனியனை என் மகள் கண்ணாடிக் குடுவையில் சர்க்கரைத் தண்ணி ஊற்றி வளர்க்கிறாள்.

"அதுக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுதும்மா" என்றாள்.

"யாரு சாவி குடுக்கறது?"

"யாரும் குடுக்கறதில்ல. சூரியனே படாத இருட்டுல வச்சாலும் அதுக்கு விடிஞ்சது தெரியும், பொழுது சாஞ்சது தெரியும்."

"எனக்குந்தான் கோழிக்கு முன்னால முழிப்பு வருது. என்னைய வச்சு எவளும் பட்டம் வாங்கலையே" என்றேன். சிரித்தாள். அவள் சிரித்தால் எனக்குப் பாதிக் கோபம் போய்விடும், அதற்காகவே சிரிப்பாள், கள்ளி.

அப்புறம் எனக்குப் புரிகிற மாதிரி மண்டிக் கணக்காகச் சொன்னாள். முதலாளி உள் அறையைவிட்டு வெளியே வரமாட்டார் இல்லையா, துண்டுச் சீட்டில் எழுதி அனுப்புவார். கூலியாள் சீட்டைப் பார்த்து மூட்டை ஏற்றுவான், சீட்டைக் கிழித்துப் போடுவான். பூசணத்துக்குள்ளேயும் அப்படிக் கடிகார முதலாளி ஒருத்தர். ஜீன் என்று பேர். விடியக்காலைப் பக்கம் சீட்டு மேல் சீட்டாக எழுதித் தள்ளுவார், பொழுது சாய்ந்தால் குறைத்துவிடுவார். அந்தச் சீட்டுதான் ஆர்.என்.ஏ. பூசணத்தை இருட்டில் வைத்து வேளைக்கு வேளை கொஞ்சம் அறுத்தெடுத்து, எந்த வேளையில் சீட்டு நிறைய, எந்த வேளையில் கம்மி என்று காட்டிவிட்டால் கடிகாரம் ஓடுவதற்கு ருசு.

"ஆனா அது நம்ம மண்டிச் சீட்டு மாதிரி இல்லம்மா. சீக்கிரம் கிழிஞ்சு நாசமாப் போயிரும். அதைக் கிழிய விடாம எடுக்கறதுதான் என் பொழப்பு."

எதனால் கிழியும் என்றும் சொன்னாள் போல. அதற்குள் எனக்குத் தாராபுரத்திலிருந்து போன் வந்துவிட்டது, ஒரு லோடு ஈரச் சரக்கு, அந்தத் தகராறில் காது கொடுக்கவில்லை.

இந்த ஆடி முடிவதற்குள் அந்த ருசுவைக் காட்டி எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லையென்றால் பதிவு ரத்து. ஏற்கெனவே தவணை வாங்கித் தவணை வாங்கி இதுதான் கடைசி. இவ்வளவு வருஷம் படித்ததும் குப்பை. பேராசிரியர் அம்மா தன்மையானவர்தான், ஆனால் சட்டம் அவர் கையில் இல்லையாம்.

அந்த நேரம் பார்த்து சுகுணாவுக்குக் காய்ச்சல். கூட வேலை செய்கிற ரெஜினாவுக்கு அம்மை போட்டுவிட்டது. ஆள் இல்லை. நான் ரசத்தைப் பாத்திரத்தில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன். "நீ எதுக்கும்மா?" என்றாள். "உனக்குத் தலை சுத்துனா யாரு பிடிக்கறது, உன் பூசணமா?" என்றேன்.

அங்கே ஓர் அறை இருக்கிறது அம்மிணி. இந்தப் பஸ்ஸெல்லாம் அதற்கு முன்னால் மைதானம். ஜன்னல் கிடையாது. சுவரெல்லாம் கறுப்பு. ஒரே ஒரு சிவப்பு பல்பு, அதுவும் அழுது வடியும். பூசணத்துக்குச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாதாம். வெள்ளை வெளிச்சம் ஒரு கீற்று பட்டாலும் விடிந்துவிட்டதென்று நினைத்துக் கடிகாரத்தை முதலிலிருந்து ஓட்ட ஆரம்பித்துவிடுமாம், பிழைப்பு போச்சு. கதவுக்கு வெளியே தொங்கின கறுப்புத் துணி வேறே கிழிந்து கிடந்தது. அதனால் உள்ளே நுழைந்தால் வேலை முடிகிறவரை கதவைத் தொடக்கூடாது. என் போனைப் பிடுங்கி வெளியே வைத்துவிட்டாள், அதிலும் வெளிச்சம் வருமென்று.

குடுவைகளை ஒரு மேடை கிர்ர் கிர்ர் என்று ஆட்டிக்கொண்டே இருக்கிறது. வேறே சத்தமில்லை. எனக்கு வயிறே மணி சொல்லும் அம்மிணி, இந்நேரம் பால்காரன், இந்நேரம் லாரி என்று. அந்த இருட்டில் அதுவும் வாயை மூடிக்கொண்டது. வெளியில் பகலா, பொழுது சாய்ந்ததா, ஒன்றும் தெரியவில்லை. குடுவைக்குள் கிடக்கிற பூசணத்துக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை! மூச்சு முட்ட ஆரம்பித்துவிட்டது.

"கதவைத் திற."

"இப்ப முடியாதும்மா. இந்த வேளைக்கு அறுத்து முடிச்சுர்றேன்."

"நீயாத் திறக்கறயா, நான் உடைக்கட்டா?"

"அம்மா, நீ உடைச்சா நானும் உடைஞ்சேன். உக்காரு."

பெற்றவளை உட்காரச் சொல்கிறாள்! உட்கார இடம் தேடிக் கையை மேஜைமேல் ஊன்றப் போனேன். அப்போதுதான் கத்தினாள்.

"தொடாதேம்மா! எதையும் தொடாதே!"

எனக்கு எங்கிருந்து வந்ததென்று தெரியாது. "யாருகிட்டடீ சொல்ற தொடாதேன்னு? இதைக் கேக்கறதுக்கா உன்னைய இவ்வளவு தூரம் படிக்க வச்சேன்? மண்டிக்காரன் சொன்னான், அவன் வாய் இப்ப எங்க போச்சுன்னு போய்ப் பாரு. நீ சொல்றயா? உன்னையக் கழுவித் துடைச்ச கைடீ இது. இதுல என்ன ஒட்டியிருக்கு, சொல்லு, என்ன ஒட்டியிருக்கு?"

சிவப்பு வெளிச்சத்தில் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. மேடை மட்டும் கிர்ர் என்றது. அப்புறம் மெதுவாக, "அப்படிச் சொல்லலம்மா... இந்தக் கிளவுஸ் போட்டுக்கறயா? நானும் போட்டிருக்கேன் பாரு" என்றாள்.

"கைக்கு உறை மாட்டிட்டு எவளாச்சும் போணி பண்ணுவாளா? அக்கட்டால வை."

வைத்துவிட்டாள். அதற்கப்புறம் அந்த வார்த்தையை அவள் எடுக்கவே இல்லை. ஒரே பேச்சில் அடக்கிவிட்டேன். யாராயிருந்தால் என்ன, அடக்க வேண்டிய இடத்தில் அடக்கிவிட வேண்டும்.

அந்த அறைக்குள் எத்தனை தடவை போனோம், வந்தோம் என்று எனக்கு நினைவில்லை. வேளை தவறாமல் போனாள். காய்ச்சலில் பல் கிட்டும், அப்படியும் போனாள். பூசணத்தை வடிகட்டி, புகை கக்குகிற குளிர் திரவத்தில் போட்டு உறைய வைத்து, பாதியை அப்போதைய வேலைக்கும் பாதியைத் தனியாகக் கட்டி ஐஸ் பெட்டியிலுமாக வைத்தாள். விதைக்கு எடுத்து வைக்கிற மாதிரி. அந்தப் புத்தி என்னுடையது. எல்லாச் சரக்கையும் ஒரே நாளில் இறக்கக்கூடாது என்று நான்தான் சொல்லிச் சொல்லி வளர்த்தேன்.

கடைசி அறுவடையும் முடித்துவிட்டு, இனிமேல் மருந்து ஊற்றிச் சீட்டைப் பிரித்தெடுக்கிற வேலை, அதை வெளிச்சத்திலேயே செய்யலாம் என்று பெரிய ஹாலுக்கு வந்தோம். "சித்த நேரம் தலையைச் சாய்க்கறேம்மா" என்று மேஜைமேல் கவிழ்ந்தவள் அப்படியே அசந்துவிட்டாள். நெற்றி கொதிக்கிறது. பக்கத்தில் புதுப் பை, அதற்குள் குட்டிக் குட்டிக் குப்பிகள், சுண்டுவிரல் நுனிதான் நுழையும். அவற்றை ஓட்டை போட்ட சட்டத்தில் அடுக்கிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும், முன்னாலேயே பார்த்திருக்கிறேன். பெற்றவள் சும்மா உட்கார்ந்திருக்க முடியுமா?

ஒவ்வொரு குப்பியாக எடுத்தேன். மூடியைத் திறந்து, வாயில் விரலை வைத்து ஓர் அழுத்து அழுத்தி, "நல்லபடியா முடிச்சுக் குடு சாமி" என்று சொல்லி, சட்டத்தில் நிறுத்தினேன். ஒன்றைக்கூட விடவில்லை. மண்டியில் என் கைக்காகக் காத்துக் கிடக்கிறார்கள், என் மகளுக்கு இல்லாததா? எழுந்தவள் தூக்கக் கலக்கத்தில் அடுக்கியிருப்பதைப் பார்த்தாள். தானே அடுக்கினதாக நினைத்தாளோ என்னமோ, வேலையைத் தொடங்கிவிட்டாள். நானும் சொல்லவில்லை. போணியைச் சொல்லிக்காட்டினால் பலிக்காது.

சீட்டு முழுசாக இருக்கிறதா, கிழிந்துவிட்டதா என்று முதலில் ஒரு சோதனை. அல்வாத் துண்டு மாதிரி ஒன்றில் விட்டு மின்சாரம் கொடுக்கிறார்கள். பளிச்சென்று இரண்டு கோடு தெரிந்தால் முழுசாக இருக்கிறது. கோடு வந்துவிட்டால் மிச்சத்தை மெஷின் பார்த்துக்கொள்ளும்.

வரவில்லை அம்மிணி. ஒன்றில்கூட வரவில்லை. சிலேட்டில் எழுதினதை ஈரக் கையால் தேய்த்துவிட்ட மாதிரி, அடியில் வெறும் இழுவல்.

சுகுணா அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் சட்டத்தைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

"அம்மா, இந்தக் குப்பியெல்லாம் அடுக்குனது..."

"நாந்தான். பின்னே யாரு? எப்படி வரிசையா வச்சிருக்கேன் பாரு. முதல் கை என் கை."

அவள் கழிப்பறைக்குப் போனாள். தண்ணீர் விழுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. திரும்பி வந்தவள் மூஞ்சியெல்லாம் கழுவியிருந்தாள், கண் மட்டும் சிவந்திருந்தது, காய்ச்சல் இல்லையா. வந்து என் வலது கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டாள். சின்னக் குழந்தையில் வைத்துக்கொள்வாள், அதே மாதிரி. "குளுகுளுன்னு இருக்கும்மா" என்றாள். அப்புறம், "மருந்து கெட்டுப்போச்சும்மா. கம்பெனிக்காரன் பழசைக் குடுத்துட்டான்" என்றாள்.

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "யாரு அவன்? எங்கிருக்கான்?"

வழக்கமாக என்ன சொல்வாள் தெரியுமா? "அம்மா, சண்டை வேண்டாம், மானம் போகுது" என்று காலைப் பிடிப்பாள். அன்றைக்குச் சொல்கிறாள், "மெட்ராஸ்ல இருக்கான். நீ நேர்ல போனாத்தாம்மா நடக்கும். உன் வாய்க்குத்தான் அவன் பயப்படுவான்." இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக என் வாய்க்கு ஒரு மரியாதை! பெட்டியை அவளே கட்டினாள். டேப்பை இழுத்து இழுத்து ஒட்டினாள். "வழியில திறக்காதே, குளிர் போயிரும்." நான் கிளம்பும்போது ஹால் கதவு வரை வந்து, என் கையைப் பிடித்து வெளிப்பக்கம் கைப்பிடியில் வைத்தாள். "இங்க வச்சுட்டுப் போம்மா. மிச்சம் வச்ச பாதியை நான் ஆரம்பிக்கறேன்" என்றாள். அதுவும் போனால் அவ்வளவுதான், வேறே பூசணம் வளர்க்க நாளில்லை.

அதனால்தான் இந்தப் பஸ். பேசிப் பேசி வைத்திருக்கிறேன், அவனை எப்படி ஆரம்பிப்பதென்று. இந்தக் கிரேனைத்தான் காணோம்.

என்ன கேட்டீங்க? குப்பி அடுக்கும்போது கிளவுஸ் போட்டிருந்தேனா என்றா?

எதற்கு அம்மிணி போட வேண்டும்? நீங்கள் எங்கே வேலை செய்வதாகச் சொன்னீர்கள், பல் ஆஸ்பத்திரியா? நீங்கள் கண்டவன் வாயில் கை விடுகிறீர்கள், உங்களுக்கு வேண்டும். நான் சோப்புப் போட்டுக் கழுவின கை. அது என்ன ஊறுகாயா, கை பட்டால் பூத்துப்போக? நீங்களும் அவளை மாதிரியே கேட்கிறீர்களே. பூசணம் பிடித்த வஸ்துவை என் கை கெடுக்குமா? சிரிப்பாக இல்லை?

இருங்க, போன். அவள்தான்.

சொல்லு கண்ணு... இல்ல, இங்க ரோட்டுலயே கிடக்கறேன், லாரி கவுந்து... என்னது? வந்துருச்சா? ரெண்டு கோடுமா? எல்லாத்துலயுமா?... அழுவாதே. ஏய், அழுவாதேங்கறேன்ல. பேராசிரியர் அம்மா பாத்தாங்களா?... சாப்பிட்டியா மொதல்ல? அது கிடக்குது மெஷினு, நாளைக்குச் சொல்லட்டும். நான் சொல்லல? கதவுல கை வச்சுட்டு வந்தேன்ல?... ஆமா, அதான். அதேதான்.

ஏங்கண்ணு, மருந்துதான் இங்க எம் மடியில இருக்கே. நீ எந்த மருந்துல பண்ணுன?... அதேயா? அதேன்னா... என்ன இல்ல? என்னமோ சொல்ல வந்தியே... சரி. சரி, வை. ரசம் வச்சுக் குடி.

வந்துவிட்டதாம் அம்மிணி. இரண்டு கோடும் பளிச்சென்று.

அதே மருந்து என்றாள். அப்புறம் "இல்லம்மா, வேற" என்றாள். காய்ச்சல், வாய் குழறுகிறது.

இந்தப் பெட்டியைச் சித்த பிடியுங்கள். டேப்பைப் பிய்க்கிறேன். இனிமேல் குளிர் போனால் என்ன, போகாவிட்டால் என்ன. அப்பா, எவ்வளவு டேப்... ஐஸ். ஐஸ். இதோ புட்டி.

காலி.

இதுவும் காலி. கழுவிக் காயவைத்த மாதிரி இருக்கிறது.

மூட்டையைத் தூக்கினாலே எடை சொல்லிவிடுவேன் அம்மிணி. என்னிடம் எடை குறைத்து இதுவரை ஒருத்தனும் சரக்குத் தள்ளினதில்லை. காலையிலிருந்து இதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

மறந்து வைத்திருப்பாள். காய்ச்சல் இல்லையா. அவசரத்தில் காலிப் புட்டியை வைத்துக் கட்டிவிட்டாள். கழுவியும் வைத்துவிட்டாள். மறதிதான்.

கண்டக்டர்! ஏப்பா, கதவைத் திற. நான் இறங்கறேன். எதுக்கா? மெட்ராஸ்ல எனக்கு இனி வேலையில்ல, அதுக்குத்தான்... நடு ரோட்டுல திறக்கக்கூடாதா? யாரு சொன்னா? சரி, போ, போ. கத்தத் தெம்பில்லை.

நீங்கள் ஏன் அம்மிணி என் கையையே பார்க்கிறீர்கள்?

இன்னும் நேரமாகும் போலிருக்கிறது, பசிக்கும். முறுக்கு மிச்சம் இருக்கிறது. இந்தாங்க, பொட்டலத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களே எடுத்துக்கோங்க.